பூட்டச் சொல்லும் அறிவுரைகள்

நான் மாலை நேரத்தில் கணக்குப் பாடம் நடத்தும் டியூஷன் சென்டரின் படிக்கட்டுச் சுவரில் இரண்டு தாள்களை அடுத்தடுத்து ஒட்டியிருக்கிறார்கள். முதல் தாள் வண்டிகளைப் பற்றியது. வாகனத்தைப் பூட்டி வைக்கவும், வெளிச்சமான இடத்தில் நிறுத்தவும், நீண்ட நேரம் தனியாக விட்டுச் செல்ல வேண்டாம், இழப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்கிறது. இரண்டாவது தாள் மாணவிகளைப் பற்றியது. இருட்டிய பிறகு தனியாகச் செல்ல வேண்டாம், வெளிச்சமான சாலையிலேயே செல்லவும், இருக்குமிடத்தை வீட்டுக்குத் தெரிவிக்கவும் என்கிறது. பொறுப்பு பற்றிய வரி மட்டும் இரண்டாவது தாளில் இல்லை. சொல்லாமலே விளங்கும் என்று விட்டிருப்பார்கள்.

இரண்டு தாளையும் எழுதியவர் ஒரே ஆளாகத்தான் இருக்க வேண்டும். வண்டிக்குச் சொன்னதையே பெண்ணுக்கும் சொல்லியிருக்கிறார். ஒரு வித்தியாசம் உண்டு. முதல் தாளில் வண்டி வேறு, அதன் உரிமையாளர் வேறு. இரண்டாவது தாளில் பூட்டப்பட வேண்டியவளும் பூட்ட வேண்டியவளும் ஒருத்தியே.

ஒரு வருடம் இந்தத் தாள்களைப் பார்த்தும் பார்க்காமல்தான் படியேறினேன். 2025 ஆடி மாதத்தில் ஓர் இரவு, ஒன்பதே காலுக்கு வகுப்பு முடிந்து இறங்கி வந்தபோது, படிக்கட்டின் அடியில் நிறுத்தியிருந்த என் சைக்கிளைக் காணவில்லை. அதன் பிறகுதான் தாள்களைச் சரியாக வாசித்தேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்புதான். கூடவே, சைக்கிளையும் இரவையும் பற்றி நமக்குச் சொல்லப்பட்ட வேறு சில கதைகளையும் வாசித்துப் பார்க்கிறேன்.

ஹோப் காலேஜ் பக்கத்திலிருந்து காமராஜர் சாலை வழியாகச் சிங்காநல்லூர் போக வேண்டும். சைக்கிளில் இருபது நிமிடம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பகலில் அதன் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒன்பது மணிக்கு மேல் கட்டணமா பெரிது? நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி. பைக்கில் மெதுவாக வந்து, கடந்து போய், திரும்பி வருகிறவர்களை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். சைக்கிளில் போனால் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. நம்மைப் பார்க்கிறவன் பார்த்து முடிப்பதற்குள் தாண்டிவிடலாம். எனக்கு இரவில் சைக்கிள் ஆபத்தாக இருந்ததில்லை. அதுதான் பாதுகாப்பாக இருந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சைக்கிள் திருட்டையும் பெண்களின் இரவுப் பாதுகாப்பையும் தனித்தனி விஷயங்களாகவே பேசுகிறார்கள். அன்றிரவு அவை எனக்கு ஒன்றாகிவிட்டன. ஓர் ஆணுக்கு சைக்கிள் தொலைந்தால் பொருள் நட்டம், நடக்கிற சிரமம். எனக்கு அந்த நிமிடத்திலேயே ஒன்பதே கால் மணித் தெருவும் கால்நடையும். திருடியவன் என் வேகத்தையும் சேர்த்துத்தான் கொண்டுபோனான்.

மறுநாள் காவல் நிலையத்துக்குப் போனேன். எந்த நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து கேட்ட முதல் கேள்வி, “ஏம்மா, அந்நேரத்துல சைக்கிள்ல என்ன வேலை உனக்கு?” சைக்கிளின் நிறமோ பிரேம் நம்பரோ பூட்டோ அவர் கேட்கவில்லை. இரண்டாவது கேள்வி, “இப்ப வித்தா மூவாயிரம் தேறுமா?”

வீட்டில் அம்மா இன்னும் சுருக்கமாக முடித்துவிட்டாள். “போனது போகட்டும் கண்ணு. நீ நல்லாருக்கறயல்ல, அது போதும். இனி ராத்திரிக் கிளாசு வேண்டாமுன்னு சொல்லிப்போடு.”

யாரோ ஒருவன் சைக்கிளைத் திருடினான். அதற்கு ஊரடங்கு எனக்கு.

சைக்கிள் திருட்டு என்றதும் படம் பார்க்கிறவர்களுக்கு நினைவு வருவது விட்டோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. 1948இல் வந்த இத்தாலியப் படம். நம் திரைப்படச் சங்கங்களில் பாடம் போலத் திரையிடப்படுவது. போருக்குப் பிந்தைய ரோம் நகரத்தில் அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகில் இருக்கிறது. வேலையின் முதல் நாளே, பட்டப்பகலில், அவன் ஏணியில் நிற்கும்போது சைக்கிள் திருடு போகிறது. பிறகு படம் முழுக்க அப்பாவும் மகனும் நகரமெங்கும் தேடி அலைகிறார்கள்.

கல்லூரியில் பார்த்தபோது நானும் அந்தச் சிறுவனுக்காக அழுதேன். சைக்கிளைப் பறிகொடுத்த பிறகு மறுபடி பார்த்தேன். இம்முறை கண்ணில் பட்டவள் மரியா, அந்தோனியோவின் மனைவி. அடகுக் கடையிலிருந்து அந்த சைக்கிளை மீட்ட பணம் யாருடையது? வீட்டுக் கட்டிலின் விரிப்புகளை உருவித் துவைத்து மூட்டை கட்டி அடகு வைக்கிறாள் மரியா. அவள் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த விரிப்புகள் அவை. விரிப்பில்லாமலும் தூங்கலாம் என்கிற தீர்மானம் அவளுடையது. அந்தோனியோவின் வேலை, அவன் தொப்பி, அவன் மிடுக்கு எல்லாம் அந்த விரிப்புகளின் மேல்தான் நிற்கின்றன. ஆனால் சைக்கிள் தொலைந்த கொஞ்ச நேரத்தில் மரியா படத்திலிருந்தே காணாமல் போகிறாள். தேடல் ஆண்களுடையது, அவமானம் ஆணுடையது, கண்ணீரும் அப்பனும் மகனும் பகிர்ந்துகொள்வது. விரிப்புகள் என்ன ஆயின என்று படம் திரும்பிக் கேட்பதில்லை.

டி சிகாவைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. ஏழையின் பொருள் திருடு போனால் அரசு எப்படிப் பார்க்கும் என்பதை அவ்வளவு துல்லியமாகக் காட்டிய படம் வேறு இல்லை. காவல் நிலையக் காட்சியில் புகாரை எழுதிக்கொண்டு, நீயே தேடிப் பார் என்ற தோரணையில் அனுப்பிவிடுகிறார்கள். போனது வெறும் சைக்கிள்தானே. எழுபத்தேழு வருடம் கழித்து, கோயம்புத்தூரில், அந்தத் தோரணையை நான் நேரில் பார்த்தேன். ஆனால் அந்தோனியோவிடம் யாரும் அந்நேரத்தில் உனக்குத் தெருவில் என்ன வேலை என்று கேட்கவில்லை. திருட்டுக் கொடுத்த ஆண் பரிதாபத்துக்குரியவன். திருட்டுக் கொடுத்த பெண் முதலில் விளக்கம் சொல்ல வேண்டியவள்.

தமிழில் இந்த வரிசையில் வைக்கத்தக்க படம் வெற்றிமாறனின் ‘பொல்லாதவன்’, 2007. அங்கே திருடு போவது பைக். வேலை, வீட்டில் மரியாதை, காதல் எல்லாம் பைக் வந்த பிறகுதான் நாயகனுக்குக் கூடிவருகின்றன. அது போனதும் அவன் நகரத்தின் இருட்டான பக்கங்களுக்குள் இறங்கித் தேடுகிறான். வண்டி என்றால் ஆண்மை, இரவு என்றால் அவன் தன்னை நிரூபிக்கும் களம். நாயகியோ அந்த வண்டியை வைத்து அவனை எடைபோடுகிறவளாகவும், பின்னால் உட்காருகிறவளாகவும் இருந்தால் போதும். சைக்கிளோ பைக்கோ தொலைத்த ஒரு பெண் அதைத் தேடி இரவில் இறங்கும் கதையை நம் சினிமாவில் நான் பார்த்ததில்லை. அவள் இறங்கினால் அது உடனே வேறு கதையாகிவிடும். தொலைந்தது சைக்கிளாக இருக்காது.

கோயம்புத்தூரில் இரவு எப்போதும் ஆணுடையதாக இருந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. 1888இல் ஸ்டேன்ஸ் மில்லோடு தொடங்கி, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பெருகிய பஞ்சாலைகளின் ஊர் இது. மூன்று ஷிப்டும் சங்கும்தான் இந்த ஊரின் கடிகாரம். என் அப்பிச்சி ராத்திரி ஷிப்டுக்குச் சைக்கிளில் போனவர். டைனமோ விளக்கு இல்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும் என்பதையும், சைக்கிளுக்கு வரி கட்டி வாங்கிய தகர வில்லையையும் பற்றிக் கதை கதையாகச் சொல்வார். அம்மாயியும் அதே மில்லில் ரீலிங்கில் வேலை பார்த்தவள். ஆனால் அவளுக்கு ராத்திரி ஷிப்டும் இல்லை, சைக்கிளும் இல்லை. விடிந்த பின் நடந்து போய், பொழுது சாயும்போது நடந்தே வந்தாள்.

அதற்குச் சட்டமும் துணை நின்றது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, மாலை ஏழு மணியிலிருந்து காலை ஆறு மணி வரை தொழிற்சாலையில் பெண்கள் வேலை செய்வதைத் தடுத்தது. பாதுகாப்புக்காக என்றார்கள். 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. கூடவே, போக்குவரத்து வசதி உட்படப் பல நிபந்தனைகளையும் வைத்தது. தீர்ப்பு சரியானதே. ஆனால் கொங்குப் பகுதி மில்களில் அது எப்படி இறங்கி வந்தது என்று பாருங்கள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று வருடம் வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று சொல்லித் தென்மாவட்டத்துப் பெண் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். விடுதியிலிருந்து மில்லுக்கு, மில்லிலிருந்து விடுதிக்கு. வெளியில் இருந்து வருகிறவர்களுக்கு மில் வேன். இரவு வேலை திறந்துவிடப்பட்டது. இரவுத் தெரு திறக்கப்படவில்லை. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இங்கே இரண்டே பொருள்தான் பழக்கம்: வீட்டுக்குள் வை, இல்லாவிட்டால் வேனுக்குள் வை.

மும்பையை ஆராய்ந்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் வெளியிட்ட ‘வொய் லாய்ட்டர்?’ என்ற நூல் இதை வேறு விதமாகச் சொல்கிறது. பொதுவெளியில் இருக்கும் பெண் தான் ஏதோ ஒரு காரியமாக வந்திருப்பதை ஒவ்வொரு நிமிடமும் காட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. காரியமே இல்லாமல் நிற்கும் உரிமையைக் கேட்கிறது அந்த நூல். படித்தபோது அது பெருநகர நடுத்தர வர்க்கத்தின் கோரிக்கை என்றே நினைத்தேன். காரியத்தோடு போனவளிடமும் என்ன வேலை உனக்கு என்று கேட்பார்கள் என்பது காவல் நிலையத்தில்தான் தெரிந்தது.

பெண்களும் சைக்கிளும் என்றால் நாம் பெருமையோடு எடுத்துச் சொல்லும் கதை புதுக்கோட்டையுடையது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சைக்கிள் பயிற்சியும் சேர்ந்தது. பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் ஊர்வலம் போனார்கள். பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியது பிற்பாடு பாடப்புத்தகம் வரை போனது. அதில் எனக்குப் பிடித்த தகவல் ஒன்று உண்டு. லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளில் கற்றவர்களில் சிலர் அதையே விரும்பினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் அல்லவா.

இந்தக் கதையின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. குறை அதை நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் விதத்தில் இருக்கிறது. கற்றுக்கொண்டாள், மிதித்தாள், விடுதலை பெற்றாள் என்று முடித்துவிடுகிறோம். நாம் சொல்லும் கதையில் எப்போதும் வெயில் அடிக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு அந்த சைக்கிள் எங்கே நின்றது, சாவி யார் கையில் இருந்தது என்று கேட்பதில்லை. அரசின் விலையில்லா சைக்கிளும் அப்படித்தான். 2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர் எல்லோருக்கும் விரிந்த திட்டம் அது. பீகாரில் 2006இல் தொடங்கிய இதே போன்ற திட்டத்தை ஆராய்ந்தவர்கள், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உயர்ந்ததாகக் கண்டார்கள். சைக்கிள் ஒரு பெண்ணின் படிப்பை மாற்றும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் தெருவில் நான் பார்த்த பள்ளி சைக்கிள்களில் கூடை உண்டு, கேரியர் உண்டு, விளக்கு இல்லை. அந்தப் பிள்ளை இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவாள் என்பது தயாரிப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது.

இன்னொரு வாசகமும் இருக்கிறது. அதையும் வாசித்தாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு 303ஆம் பிரிவு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 379இல் பொருளின் மதிப்பு எவ்வளவானாலும் போலீஸ் நேரடியாக விசாரிக்கலாம். இப்போது திருடு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால், நீதித்துறை நடுவரின் உத்தரவில்லாமல் போலீஸ் புலன் விசாரணை செய்ய முடியாது. முதல் முறை தண்டனை பெறுபவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. பசிக்குத் திருடியவனைச் சிறையில் தள்ளாத இரக்கம் எனக்கும் உடன்பாடே. ஆனால் விசாரிக்க வேண்டிய கடமையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். ஐயாயிரத்துக்குக் கீழே உள்ள சொத்து யாருடையது? பழைய சைக்கிள், தையல் மெஷின், இட்லிக் குண்டான், ஆட்டுக்குட்டி. மூவாயிரம் தேறுமா என்று கேட்டவர் என் சைக்கிளை மட்டம் தட்டவில்லை என்பது பிறகுதான் விளங்கியது. அது சட்டத்தின் எந்தப் பக்கம் விழும் என்று அளந்திருக்கிறார்.

ஆகவே, முதல் தாளின் அறிவுரையை நான் கிழித்துப் போடச் சொல்லவில்லை. திருத்தி எழுதச் சொல்கிறேன். பின்சக்கரத்து வீல் லாக்கை மட்டும் நம்பியது என் தவறு. அது சக்கரம் சுழல்வதைத்தான் தடுக்கும், சைக்கிளைத் தூக்கிக் குட்டியானையில் ஏற்றுவதைத் தடுக்காது. பிரேமையும் சக்கரத்தையும் சேர்த்து, நட்டு நிற்கும் கம்பத்தோடு சங்கிலி போட வேண்டும். பிரேம் நம்பரை எழுதி, பில்லோடு சேர்த்துப் படம் பிடித்து வைக்க வேண்டும். பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு இரண்டும் நாம் பார்ப்பதற்கு மட்டுமல்ல, லாரிக்காரர் நம்மைப் பார்ப்பதற்கும். போனால், எவ்வளவு சின்னத் தொகையானாலும், சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது. இவை ஒரு பெண் தன் சைக்கிளுக்குச் செய்யக்கூடியவை.

ஊர் செய்ய வேண்டியவை வேறு. 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டியின் முதல் இருபது நகரங்களில் ஒன்றாகத் தேர்வான ஊர் இது. குளக்கரைகள் அழகாகிவிட்டன. அவினாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டருக்கு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தாயிற்று. சைக்கிளை நாம் உடற்பயிற்சியாக, விடியற்காலை ஹெல்மெட் போட்டவர்களின் பொழுதாகத்தான் நினைத்துப் பார்க்கிறோம். வேலை முடிந்து ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் ஜவுளிக்கடைப் பெண்ணின் வண்டியாக நினைப்பதில்லை. 2018இல் இந்த ஊருக்கு வந்த ஓஃபோ மஞ்சள் சைக்கிள்கள் அதே வருடம் மூட்டை கட்டிப் போனபோது பெரிதாக யாரும் வருந்தவுமில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில் நிலையத்தின் கீழே 12,500 சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தை 2019இல் கட்டி முடித்தார்கள். இரவும் பகலும் திறந்திருக்கும், முதல் இருபத்து நான்கு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. அவ்வளவு வேண்டாம். சிங்காநல்லூர், காந்திபுரம், உக்கடம் பேருந்து நிலையங்களில் கடைசி பஸ் வரை ஆளும் விளக்கும் உள்ள சைக்கிள் ஸ்டாண்ட் போதும். அங்கே டோக்கன் கொடுக்க உட்காருகிறவர் ஒரு பெண்ணாகவும் இருந்தால், இரவு பத்து மணிக்குத் தெருவில் இன்னொரு பெண் இருப்பாள். 1977இல் பிரிட்டனின் லீட்ஸில், கொலைகாரன் திரிகிறான், பெண்கள் வீட்டில் இருங்கள் என்று சொல்லப்பட்டபோது, இரவு எங்களுடையது என்று பெண்கள் ஊர்வலம் போனார்கள். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவிலும் அப்படித்தான் இறங்கினார்கள். ஊர்வலம் ஓர் இரவுக்கு. ஸ்டாண்ட் தினமும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. மரியாவை டி சிகா மறந்துவிட்டார் என்று மேலே எழுதிவிட்டுத்தான் என் கதையைத் திரும்பப் படித்தேன். நானும் ஒருத்தியை மறந்திருக்கிறேன். புகார் எழுத பில்லைத் தேடியபோது அது அம்மாவின் பெயரில் இருந்தது. அந்த சைக்கிள் அம்மா சீட்டுக் கட்டி எடுத்த பணத்தில் வாங்கியது. மாதம் ஐந்நூறு, இருபது மாதம். தொலைந்த இரவு நான் என் சுதந்திரம் போயிற்று என்று அழுதேன். அவள் பணம் போயிற்று என்று ஒரு வார்த்தை அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ராத்திரிக் கிளாசு வேண்டாம் என்று அவள் சொன்னதை ஆணாதிக்கத்தின் குரல் என்று உடனே பெயர் வைத்துவிட்டேன். அது இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொரு இருபது மாதச் சீட்டைக் கட்ட முடியாத ஒருத்தியின் கணக்கும் அதில் இருந்தது. திருட்டைத் தடுக்க முடியாதவர்களும் தெருவைச் சரிசெய்ய முடியாதவர்களும் கடைசியில் தங்கள் கைக்கு எட்டும் ஒன்றைப் பூட்டுகிறார்கள். என் அம்மாவின் கைக்கு எட்டியது நான்.

ஐப்பசியில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். பில் கேட்டு வாங்கினேன். இன்னொருத்தியிடம் திருடியதை நான் ஓட்டக் கூடாது. சங்கிலியும் இரண்டு விளக்கும் என் சம்பளத்தில். அம்மாவிடம் வாக்குவாதம் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு அவளைக் கேரியரில் உட்கார வைத்துக் காமராஜர் சாலையில் போய் வந்தேன். விளக்கு எரியாத கம்பங்களை அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். “பதனொன்னு எரியலடீ” என்றாள் வீட்டு வாசலில் இறங்கும்போது. மறுநாள் அந்தக் கணக்கை மாநகராட்சிக்கு மனுவாக எழுதினோம். கையெழுத்து அவளுடையது.